எந்தக் கணியூருங்க?

திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ''கணியூருக்கு எந்த பஸ்ஸுங்க?'' என்று கேட்டுப் பாருங்கள். ''எந்தக் கணியூருங்க?'' என்று எதிர்க்கேள்வி வரும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள், ''டோல்கேட்டுக்குத்தானுங்களே?'' என்று அவர்களே முடிவு கட்டி, அவிநாசிப் பக்கம் போகிற வண்டியில் ஏற்றிவிட்டுவிடுவார்கள். நான் ஏறியும் விட்டேன். டிக்கெட் போடும்போதுதான் கண்டக்டர் கண்ணைத் திறந்தார். இறங்கி நடந்தேன்.

கோவை - சேலம் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்தக் கணியூர் ரொம்பப் பிரபலம். காசு கொடுத்துத் தாண்டுகிற ஊரை யாரால் மறக்க முடியும்? நான் போகவேண்டிய கணியூர், உடுமலைக்குக் கிழக்கே, மடத்துக்குளம் தாலுகாவில், அமராவதிப் பாசனத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஒரு பேரூராட்சி. அதைத் தாண்டுவதற்கு யாரும் காசு கேட்பதில்லை. அதனால் யாருக்கும் ஞாபகமும் இல்லை!

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை.

அப்பாவின் ஒரே அக்கா. மாமா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து காலமானவர். அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. 80 வயது முடிந்தால் அதில் 20 சதவீதம் கூட்டிக் கொடுப்பார்கள். நல்ல விஷயம்தானே? ஆனால், 80 முடிந்துவிட்டது என்பதற்கு அத்தையின் நரைத்த தலையைத் தவிர வேறு அத்தாட்சி எதுவும் எங்களிடம் இல்லை. ஆதார் அட்டையில் 1949 என்று போட்டிருக்கிறது. கணக்கெடுக்க வந்த பிள்ளை, ''பாட்டிம்மா, வயசு என்ன?'' என்று கேட்டபோது, அத்தை குத்துமதிப்பாக ஒரு நம்பர் சொல்லியிருக்கிறாள். ஏதோ காய்கறிக் கடையில் விலை குறைத்துக் கேட்பது மாதிரி, வயதிலும் நாலைந்து குறைத்துவிட்டாள்.

ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ''ஆதார்ல இருக்கறதுதான் வயசு'' என்றார் ஒருவர். பக்கத்து சீட்டுக்காரர், ''ஆதார் வயசுக்கு ஆதாரம் இல்லைங்க. வேற கொண்டாங்க'' என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாமவர் சொன்னது சரிதான். 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதிக்காரர்களே பிறந்த தேதிக்கான சான்றுகள் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டார்கள். (ஆபீஸ் நண்பர்களே, பி.எஃப். கணக்கில் உங்கள் பிறந்த தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) அதே ஆண்டு அக்டோபரில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதாரில் இருந்த தேதியை விட்டுவிட்டு பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை எடுத்துக்கொண்டது உச்ச நீதிமன்றம்.

பள்ளிச் சான்றிதழா? அத்தைக்கா? எங்கள் வீட்டில் அத்தை படித்தவள் என்பதற்கு ஒரே சாட்சி அத்தை மட்டும்தான். ''நானு நாலாங்கிளாசு போனவ, தெரியுமா?'' என்பாள். நாங்கள் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். கையெழுத்துப் போடும்போது பேனாவை மண்வெட்டி மாதிரிப் பிடித்து, நாலு எழுத்தை நாலு நிமிஷம் எழுதுவாள். அது மாமா கற்றுக்கொடுத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

''கணியூருப் பக்கத்துல போர்டு ஸ்கூலு. போயிப் பாரு சாமி. என்ற பேரு இருக்கும்'' என்றாள்.

போனேன்.

* * *

பல்லடம் தாண்டினால் பனியன் கம்பெனி வேன்கள் எதிரே வந்துகொண்டே இருக்கும். உடுமலையை நெருங்க நெருங்கக் காற்றாலைகள். உடுமலையில் டவுன் பஸ் மாறினேன். பஸ் முழுக்கப் பெண்கள்; 2021-லிருந்து அவர்களுக்கு இலவசம். டிக்கெட் வாங்கியவர்கள் நானும் ஒரு கிடாரிக் கன்று வியாபாரியும்தான். ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச தூரத்தில் நிலம் நிறம் மாறுகிறது. அதுவரை வறண்டு கிடந்த பூமி திடீரென்று தென்னையும் நெல்லும் கரும்புமாகப் பச்சைக்கு வந்துவிடுகிறது. அமராவதியின் பழைய ஆயக்கட்டு இது. அமராவதி அணை 1957-ல் வந்தது; அதற்கு வெகு காலம் முன்பே ஆற்றில் தடுப்பு கட்டித் திருப்பிய ராஜவாய்க்கால்கள் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று வாய்க்காலுக்கு ஓர் ஊர்ப் பேர். கடத்தூரில் ஆற்றங்கரையில் அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது.

வாய்க்காலுக்கு வரலாறு உண்டு. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு?

டீக்கடையில் விசாரித்தேன். ''பழைய போர்டு ஸ்கூலா? ரெண்டு மைலு அக்கட்டால போவோணும். இப்ப ஒன்றியப் பள்ளியா இருக்குதுங்க. நீங்க யாரு, ஆடிட்டா?'' என்றார் டீ ஆற்றியவர்.

பி.காம். படித்தவனின் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்குமோ என்னவோ.

* * *

சின்னப் பள்ளிதான். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று, நடுவில் ஒரு வேப்பமரம். தலைமை ஆசிரியை விஷயத்தைக் கேட்டுவிட்டு, அத்தை எழுதிக்கொடுத்த கடிதத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, ''பழைய ரிஜிஸ்டர் பீரோவுல இருக்குதுங்க. சாவிதான்...'' என்று இழுத்தார்.

சாவிக்கொத்து வந்தது. இருபது சாவி இருக்கும். எதிலும் லேபிள் இல்லை. ஆசிரியை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். பீரோ பச்சை பெயின்ட் அடித்த மர பீரோ. நெற்றியில் 'உபயம்' என்று கொட்டை எழுத்து. கொடுத்தவரின் பேர் பாதி உதிர்ந்துபோய், 1959 என்ற வருஷம் மட்டும் தெளிவாக நிற்கிறது. ட்யூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். இது அந்த ரகமில்லை. 1958-ல் கடம்பத்தூரில் ஆரம்பித்து, நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. 'உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன தருவீர்கள்?' என்று கேட்டால், ஒருவர் மணி தந்தார், ஒருவர் கடிகாரம், ஒருவர் நிலம். அந்த அலையில் வந்து சேர்ந்த பீரோவாகத்தான் இருக்க வேண்டும்.

எட்டாவது சாவி போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் வந்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இந்தப் பள்ளியிலேயே படித்து, இந்தப் பள்ளியிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். வெளியூர் ஆள் ரிஜிஸ்டர் கேட்கிறான் என்ற செய்தி டீக்கடையிலிருந்து எனக்கு முன்னால் போய்விட்டிருக்கிறது.

''எதுக்குத் தம்பி ரிஜிஸ்டரு?'' என்றார்.

சொன்னேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு சாவி கிடைக்கிற வரை அவர்தான் பேசினார். பள்ளிக்கு நூற்றாண்டு விழா எடுக்க வேண்டுமென்று ஊரில் பேச்சாம். தமிழ்நாட்டில் நூறு வயதைத் தாண்டிய அரசுப் பள்ளிகள் 2,238 என்று கணக்கெடுத்து 2025-ல் விழா ஆரம்பித்தார்கள் அல்லவா, அந்தச் சூடு இங்கேயும் பரவியிருக்கிறது. மலர் எழுதும் பொறுப்பு இவர் தலையில். ஒரு வருஷமாகத் திணறுகிறார்.

''எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியலீங்க தம்பி. போர்டுல எழுதியிருக்கற வருசம் ஒண்ணு. பெரியவங்க சொல்றது ஒண்ணு. அதுக்கு முன்னால திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்துச்சும்பாங்க. மணல்ல எழுதி, எண்சுவடி பாடம் பண்ணி...''

எனக்கும் ஒரு புள்ளிவிவரம் கைவசம் இருந்தது. எடுத்து விட்டேன்.

1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட கலெக்டர்களுக்கும் ஒரு கடிதம் போட்டார்: 'உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பையன்கள், எந்தெந்தச் சாதி, கணக்கு அனுப்புங்கள்' என்று. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். ஆமாம், ஊட்டியை உருவாக்கினாரே, அதே சல்லிவன்தான்! அவர் அனுப்பிய கணக்கு: 763 பள்ளிகள், 8,206 மாணவர்கள். அன்றைய கோவை மாவட்டம் தாராபுரம், ஈரோடு, கரூரெல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். மாகாணம் முழுக்கவும் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-ல் மன்றோ எழுதிவைத்தார். காந்தியவாதி தரம்பால் அந்தக் காகிதங்களை எல்லாம் ஆவணக் காப்பகத்தில் தேடிப்பிடித்து 1983-ல் 'த பியூட்டிஃபுல் ட்ரீ' என்று புத்தகமே போட்டார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பள்ளிக்கூடங்கள் இருந்தன என்று இன்றைக்கு நாம் அடித்துச் சொல்ல முடிவது ஒரு கவர்னர் கணக்கு கேட்டதாலும், அந்தக் காகிதத்தைக் கரையான் தின்னாததாலும்தான்.

''அந்த 763-ல நம்ம ஊரு இருக்குதுங்களா?'' என்றார் வாத்தியார், ஆவலாக.

ஊர் ஊராகப் பேர் அதில் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான். சொன்னதும் அவருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

அவரைத் தேற்றுவதற்காக இன்னொரு கதை சொன்னேன். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருப்பான் இல்லையா? பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஓர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அந்த முறையைத் தன் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பேரில் இங்கிலாந்துப் பள்ளிகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

''நம்ம சட்டாம்பிள்ளை சீமைக்குப் போயிட்டானா!'' என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பதினான்காவது சாவியில் பீரோ திறந்தது.

* * *

உள்ளே பழைய காகித வாசனை. வேப்பிலைச் சருகு. மேல் தட்டில் புதிய ரிஜிஸ்டர்கள், கீழ்த் தட்டில் துணியில் சுற்றிய பழையவை. ''நான் இருந்தப்ப சுத்தி வெச்சதுங்க. கீழ் மூலையிலதான் கரையான் கொஞ்சம் பார்த்துருச்சு'' என்றார் வாத்தியார்.

சேர்க்கைப் பதிவேடு என்றால் என்ன என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அதுவரை பார்த்ததில்லை. நீளமான லெட்ஜர்தான். சேர்க்கை எண், பேர், தகப்பனார் பேர், அவர் தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு. கடைசியில் இரண்டு கட்டம்: விலகிய தேதி, விலகிய காரணம். வரவும் செலவும் ஒரே வரியில்! ஒரு மனிதக் குழந்தை பள்ளிக்கு வரவு வைக்கப்பட்டது இடது ஓரத்தில், பற்று எழுதப்பட்டது வலது ஓரத்தில்.

முதலில் கண்ணில் பட்டது பிறந்த தேதிதான். ஒரு பக்கத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜூன் முதல் வாரத்தில் பிறந்திருந்தார்கள். அதென்ன, ஊரே சொல்லிவைத்துப் பெற்றுக்கொண்டார்களா?

''அது ஒண்ணுமில்ல தம்பி'' என்றார் வாத்தியார். ''பள்ளிக்கூடம் தொறக்கறது ஜூன்ல. பையன் வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொட்டுட்டான்னா அஞ்சு வயசு. ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்குவோம். எனக்கே அப்படித்தான். எங்கம்மா நான் பொறந்தது மார்கழிக் குளிருலன்னு சொல்லும். ரிடையர்டு ஆனது மே மாசம்!''

அடுத்தது சாதிக் கட்டம். பக்கங்களைப் புரட்டும்போது, சில பேர்கள் வரவே இல்லை என்பதை வாத்தியார்தான் காட்டினார். பழைய ரிஜிஸ்டரில் பத்துப் பதினைந்து பக்கம் புரட்டினாலும் தெற்கு வளவுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ''அவங்களுக்கு அந்தக் காலத்துல லேபர் ஸ்கூல்னு தனியா இருந்துச்சுங்க. அவங்கள அங்கதான் போகச் சொல்லுவாங்க'' என்றார், குரலைத் தாழ்த்தி.

1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் இலாகா, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளிகளுக்கு ஜனங்கள் வைத்த பேர் அது. பிறகு ஹரிஜன நலப் பள்ளியாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளியாகி, பல ஊர்களில் இன்றும் நடக்கின்றன.

''மலர்ல அந்த ஸ்கூலப் பத்தியும் எழுதுவீங்களா?'' என்று கேட்டேன்.

வாத்தியார் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து மலருக்கான திட்டத்தை எடுத்துக் காட்டினார். விழாக் குழுவில் போட்டுக் கொடுத்ததாம். அறுபத்து நாலு பக்கம். வாழ்த்துரை பதின்மூன்று. நூற்பாலை விளம்பரம், நகைக்கடை விளம்பரம், உரக்கடை விளம்பரம், 'இப்பக்கம் ஓர் அன்பரின் உபயம்' என்று நாலு பக்கம். பள்ளி வரலாறு: இரண்டு பக்கம், படத்துடன்!

இப்படித்தான் சார் நடக்கிறது. இரண்டு பக்கத்தில் நூறு வருஷம். அந்த இரண்டு பக்கத்திலும் முக்கால் பக்கம் இங்கே படித்து டாக்டரானவர், கலெக்டரானவர் பேர்தான் இருக்கும். நாலாவதில் நின்றுபோனவர்களின் பேர் இருக்காது.

அயர்லாந்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1937-லிருந்து 1939 வரை, சுமார் 5,000 கிராமப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் கையில் நோட்டைக் கொடுத்து, 'வீட்டுக்குப் போய் உன் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா' என்று அனுப்பினார்கள். ஊர்க் கதை, வைத்தியம், விளையாட்டு, பழைய பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் 50,000 பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தார்கள். அது இன்றைக்கு அந்த நாட்டின் பொக்கிஷம். செலவு என்ன? நோட்டும் பென்சிலும்தான். பதின்மூன்று வாழ்த்துரைக்கு ஆகிற ஆர்ட் பேப்பர் செலவைவிடக் குறைவு.

இதைச் சொன்னபோது வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. தலைமை ஆசிரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

* * *

நடுவில் 80-கள், 90-களின் ரிஜிஸ்டர் ஒன்றும் கைக்கு வந்தது. எட்டாவதோடு விலகிய பிள்ளைகள் வரிசையாக. 'விலகிய காரணம்' கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று ஒரே வார்த்தை, மேலிருந்து கீழே. அந்தக் குடும்பச் சூழ்நிலைக்குத் திருப்பூரில் வேறு பேர் உண்டு: கைமடி. பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் சின்னப் பிள்ளை. ஏற்றுமதி கோடிகளில் ஏறிக்கொண்டிருந்த அந்த வருஷங்களின் இன்னொரு கணக்கு இது. எக்ஸ்போர்ட் புள்ளிவிவரம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இது இந்தப் பச்சை பீரோவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றைக்கு முதலாளிகளாகவும் இருப்பார்கள், மறுக்கவில்லை.

புது ரிஜிஸ்டரில் பீகார், ஒடிசாப் பேர்கள். நூற்பாலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ''தமிழ் எப்படிம்மா?'' என்றேன். ''எங்க புள்ளைங்களைவிட ற-ர சரியா எழுதுதுங்க'' என்றார் ஆசிரியை.

1950-ம் வருஷத்து ரிஜிஸ்டரைப் பிரித்தோம்.

நீல மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. எழுத்து முத்து முத்தாக. ஆசிரியை ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். ஜூன் 12-ம் தேதி சேர்ந்தவர்கள். பையன், பையன், பையன், பையன்... ஒரு பெண். வேறு யாரோ. மறுபடியும் பையன்கள்.

கரையான் அரித்த மூலைக்கு இரண்டு வரி மேலே, அத்தை.

பேர், தாத்தாவின் பேர், 'விவசாயம்'. பிறந்த தேதி 1-6-1945. (கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதைத் தொட்டிருக்கிறாள்!) சேர்ந்த வகுப்பு ஒன்று. விலகியபோது வகுப்பு நான்கு. நாலாங்கிளாசு போனவள்தான்! இருபது சதவீதமும் கைக்கு வந்தது. நான் ஏதோ சிக்ஸர் அடித்தது மாதிரி கத்திவிட்டேன். வெளியே பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

அப்புறம்தான் வலது பக்கக் கட்டத்தைப் பார்த்தேன். விலகிய தேதி 21-9-1953. காரணம்: 'தொடர்ந்து வராமை'.

''அம்பத்து மூணா?'' என்று வாத்தியார் குனிந்தார். ''ராஜாஜி அரை நேரப் பள்ளிக்கூடம் கொண்டாந்த வருசம். காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம், மூணு மணி நேரந்தான் படிப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழிலப் பாருன்னாங்க. பொட்டப் புள்ளைங்கள எல்லாம், அரை நாளு வூட்டுல இருக்கறவ முழு நாளும் இருந்துக்கட்டும்னு நிறுத்திப்போட்டாங்க. எங்க அக்காவும் அப்படித்தான்.''

'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்புக் கிளம்பி, காமராஜர் முதலமைச்சரானதும் 1954-லேயே அது போய்விட்டது. ஒரே வருஷம்தான் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் விலகிய தேதிகளை மட்டும் இந்த ஒன்றியத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் யாராவது எண்ணிப் பார்த்தால் எத்தனை தேறும்? எண்ணுவதற்கு ரிஜிஸ்டர் இருக்க வேண்டுமே. ஆள் சேராமல் 2019-ல் தமிழ்நாட்டில் 46 பள்ளிகளை மூடி நூலகமாக மாற்றினார்கள். புத்தகம் உள்ளே வரும்போது பழைய ரிஜிஸ்டர்களை எங்கே வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

யோசனை அங்கேயே நிற்கவில்லை. 1953 செப்டம்பர். அந்தத் தேதி எனக்கு வேறெங்கோ தெரிந்த தேதி.

அத்தைக்கு ஜாதகம் எழுதவில்லை. அப்பாவுக்கு எழுதியிருந்தார்கள். என் கல்யாணத்தின்போது பெட்டியைக் குடைந்ததில் கையில் கிடைத்துப் படித்திருக்கிறேன். விஜய வருஷம், ஆவணி மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1953 ஆகஸ்ட் கடைசி.

அப்பா பிறந்து மூன்றே வாரத்தில் அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து நின்றிருக்கிறாள். தொட்டிலாட்ட ஆள் வேண்டும். பாட்டி வயலுக்குப் போக வேண்டும். அதே அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கோவைக்கு வேலைக்குப் போய், என்னை பி.காம். படிக்கவைத்தார். எந்தப் பற்றுக்கும் எதிரே ஒரு வரவு இருக்கும் என்று முதல் வருஷ அக்கவுன்டன்ஸி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முப்பது மதிப்பெண் கேள்வி அது.

* * *

செல்போனை எடுத்தேன். அந்த ரிஜிஸ்டரை முழுக்கப் படம் பிடித்துவிட வேண்டும் என்று வேகம். தலைமை ஆசிரியை பக்கத்தின் மேல் கையை வைத்துவிட்டார்.

''உங்க அத்தை வரிக்கு மனு குடுங்க, நகல் சான்று தர்றேன். மத்தது எல்லாம் மத்தவங்க வீட்டு விசயமுங்க. சாதி இருக்குது, பொறந்த தேதி இருக்குது. நாளைக்கு ஏதாவது வாட்ஸ்அப் குரூப்ல சுத்துச்சுன்னா?''

கொஞ்சம் கோபம் வந்தது. பஸ் ஏறியபின் யோசித்தால், அந்தம்மா சொன்னதுதான் சரி. சென்னை எழும்பூரில் 1909-லிருந்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போகிற காகிதத்துக்கு முறை உண்டு, பூட்டு உண்டு, யார் பார்க்கலாம் என்று விதி உண்டு. ஒன்றியத்துக்கு ஒரு அறையாவது அந்த மாதிரி ஒதுக்கி, துறையே முறைப்படி ஸ்கேன் செய்து வைத்தால் போதும். இப்போது சேரும் பிள்ளைகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. 1950-ல் சேர்ந்தவர்கள் மட்டும் துணியில் சுற்றிக் கிடக்க வேண்டுமா?

கிளம்பும்போது வாத்தியார் பஸ் ஸ்டாப் வரை வந்தார். ''தம்பி, அந்த லேபர் ஸ்கூல்ல படிச்ச பெரியவர் ஒருத்தர் கடத்தூருல மக வூட்டுல இருக்கறாரு. போயிப் பார்க்கலாம்னு இருக்கறேன். ரெண்டு பக்கத்த நாலு பக்கமாக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கோணும்'' என்றார். பஸ் வந்துவிட்டது.

* * *

ராத்திரி வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அப்பா பக்கத்தில் ஈஸிசேரில் இருந்தார்.

''இருபது சதவீதம் வரும் அத்தை. உன் பேர் இருந்துச்சு.''

''நான் சொல்லல? நாலாங்கிளாசு!'' அப்பாவைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டினாள். ''வேற என்னடா எழுதியிருந்துச்சு?''

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சொன்னேன். விலகிய தேதி. காரணம், தொடர்ந்து வராமை.

அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

''வராமயா? எவன்டா எழுதுனான்? நான் எங்க வராம இருந்தேன்? இவனை இடுப்புல வெச்சுக்கிட்டு தெனமும் போவேன். உள்ள உட்கார்ந்தா இவன் அழுவான். வாசப்படியில நின்னுக்கிட்டு பாடம் கேப்பேன். பத்து நாளு நின்னேன். அப்புறம் வாத்தியாருதான், கொளந்த அழுவுது, நீ வூட்டுக்குப் போ அம்மிணின்னு சொல்லிப்போட்டாரு.''

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். வெகு நேரம் உள்ளே வரவில்லை.

மனுவும் நகல் சான்றும் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அதைப் பற்றி அத்தை விசாரிப்பதே இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் வேறு ஒன்றைத்தான் கேட்கிறாள்.

''அந்த டீச்சரம்மாகிட்ட சொன்னியா சாமி? வந்தேன்னு மாத்தி எழுதிட்டாங்களா?''